கடைசி பெஞ்சில் ஒரு கண்ணாடிக்கூடு

ஓர் ஆசிரியரை உருவாக்க என்ன விலை ஆகும் என்று கேட்டால், அந்தப் பள்ளிக்கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்கள்: வாரத்துக்கு இரண்டு பீரியட் ஓய்வு, மூன்று நாள் மதியச் சாப்பாடு, கடைசியில் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ். ஒரே விலை, பேரம் கிடையாது என்று சுற்றறிக்கையே சொல்லிவிட்டது. பதினைந்து வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தியவர்கள் மூன்று நாள் பயிற்சிக்கு வரவேண்டும். வந்தவர்கள் கையில் ஆளுக்கு ஒரு பயிற்சி ஆசிரியரை ஒப்படைப்பார்கள். ஆறு வாரம் கூடவே இருந்து அந்த ஆளைக் கரையேற்றிவிட வேண்டும்.

கணக்கு டீச்சர் அந்த விலைக்குத் தலையாட்டியது ஓய்வுக்காக அல்ல, சாப்பாட்டுக்காக அல்ல. சான்றிதழுக்காகவும் அல்ல என்று சொன்னால் மட்டும் அது பச்சைப் பொய். இத்தனை வருஷமாக அவர் பாடம் நடத்தும் அழகை நாற்பது நாற்பது பிள்ளைகளாகப் பார்த்துவிட்டுப் போனார்களே தவிர, வளர்ந்த ஆள் ஒருவர்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை. நல்ல சரக்கு வைத்திருப்பவருக்கு, அதை விரித்துக் காட்ட ஒரு ஆள் வேண்டாமா?

பயிற்சி கொடுக்க வந்தவர் ஓர் இளைஞர். எதைக் கேட்டாலும் மஞ்சள் நிற ஒட்டுச்சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்வார். முதல் நாள் இடைவேளைக்குள்ளேயே அறிவியல் சார் அவருக்கு ஒட்டுச்சீட்டு என்று பெயர் வைத்துவிட்டார். ஒட்டுச்சீட்டு சொன்னது மொத்தத்தில் ஒரே விஷயம். நீங்கள் இனிமேல் அந்த வகுப்பில் டீச்சர் இல்லை, சுவர். கடைசி பெஞ்சில் உட்காருங்கள். வாயைத் திறக்காதீர்கள், எழுந்திருக்காதீர்கள். வகுப்பு முடிந்ததும் நல்லது கெட்டது என்று தீர்ப்பு சொல்லாமல், கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லி, ஏன் அப்படி நடந்தது என்று அந்தப் பயிற்சி ஆசிரியரையே கேளுங்கள்.

அறிவியல் சாருக்கு இது பெரிய வேடிக்கையாக இருந்தது. "இத்தனை வருஷம் பேசறதுக்குச் சம்பளம் குடுத்தாங்க, இப்ப வாயை மூடறதுக்கு மூணு நாள் கோர்ஸ். என் வீட்டம்மாவைக் கேட்டிருந்தா இதை ஓசியிலயே சொல்லிக் குடுத்திருப்பாங்களே," என்றார்.

இரண்டாம் நாள் நடிப்புப் பயிற்சி. ஒருவர் பயிற்சி ஆசிரியராக நின்று வேண்டுமென்றே தப்பும் தவறுமாகப் பாடம் நடத்த வேண்டும். மற்றவர் பின்னால் சும்மா உட்கார வேண்டும். சும்மா உட்கார்ந்தவர்கள் எல்லோரும் இரண்டே நிமிஷத்தில் எழுந்து, சாக்பீஸைப் பிடுங்காத குறையாகத் திருத்தப் போய்விட்டார்கள். கணக்கு டீச்சர் ஒருவர்தான் கடைசி வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். அறிவியல் சார் அவருக்கு முன்னால் நின்று, ஏழும் எட்டும் பதினான்கு என்று எழுதினார். அதற்கும் டீச்சர் இமைக்கவில்லை. ஒட்டுச்சீட்டு எல்லோரையும் கைதட்டச் சொன்னார். சுவர் என்றால் இதுதான் சுவர் என்று சொல்லி, அதையும் எழுதி ஒட்டினார்.

அந்தக் கைதட்டல் டீச்சரின் காதில் ஒரு வாரம் இருந்தது.

அவருக்கு ஒப்படைக்கப்பட்ட பயிற்சி ஆசிரியைக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் நாளே சின்ன டீச்சர் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் அவள் அவ்வளவு சின்னவள் இல்லை. அண்ணன் நடத்தும் செல்போன் கடையில் நாலு வருஷம் பில் போட்டவள். கைக்காசைச் சேர்த்துக்கொண்டு, கல்லாவில் உட்காரத் தெரிந்தவளுக்குக் கரும்பலகை எதற்கு என்று அண்ணன் கேட்டதையும் காதில் வாங்காமல் ஆசிரியர் கல்லூரியில் சேர்ந்தவள். இந்த ஆறு வாரம் முடிந்து, கல்லூரியிலிருந்து வரும் மேடம் முன்னால் ஒரு பாடம் நடத்தித் தேறிவிட்டால் அவள் ஆசிரியை. தேறாவிட்டால் ஒரு வருஷம் கழித்து மறுபடி முதலிலிருந்து. அந்த ஒரு வருஷத்துக்கு அண்ணன் வீட்டில் என்ன பேச்சு கிடைக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அதை முதல் நாளே டீச்சரிடம் சிரித்துக்கொண்டு சொன்னாள். சிரிப்பு வாயில்தான் இருந்தது.

பாடம் பின்னங்கள். அவளுக்குப் பாடம் நன்றாகத் தெரியும். வராதது வகுப்பு. சத்தம் போட்டு அடக்கக்கூடாது, பேச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்து நின்று காத்திருந்தால் பிள்ளைகள் தானாக அடங்குவார்கள் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவள் நின்றாள். காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பைப் பிள்ளைகள் இன்னொரு இடைவேளை என்று எடுத்துக்கொண்டார்கள். மைக் செட் என்று பேர் வாங்கிய ஒரு பெண், முந்தின நாள் பார்த்த படத்தின் கதை முழுவதையும் சண்டைக் காட்சிகளோடு பக்கத்துப் பெண்ணுக்குச் சொல்லி முடித்தாள். கடைசி வரிசை நெட்டையன் பென்சில் டப்பாவில் தாளம் போட்டான். இரண்டு நாள் இதே கூத்து. டீச்சர் சுவராக இருந்தார்.

மூன்றாம் நாள் சின்ன டீச்சர் காத்திருக்கும்போது அவள் தாடை நடுங்கத் தொடங்கியது. பிள்ளைகள் அதைப் பார்க்கவில்லை. டீச்சர் பார்த்தார். அழுதுவிட்டால் போச்சு, அப்புறம் அந்த வகுப்பு ஜென்மத்துக்கும் அவளை மதிக்காது.

டீச்சருக்குப் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கத்தான் கண்ணாடி வேண்டும். தூரத்துக்கு வேண்டாம். நோட்டு திருத்தும்போது போட்டுக்கொள்வார். வகுப்பில் சத்தம் கேட்டால் அதைக் கழற்றி, இரும்புக் கூட்டில் வைத்து, டப் என்று மூடுவார். மூடினால் டீச்சர் இப்போது தூரத்தைப் பார்க்கிறார், அதாவது உன்னைப் பார்க்கிறார் என்று அர்த்தம். அடி இல்லை, திட்டு இல்லை. வருஷக்கணக்கில் அந்த ஒரு சத்தத்தில்தான் அவர் வண்டி ஓடியது.

குறிப்பெடுக்கப் போட்டிருந்த கண்ணாடியைக் கழற்றினார். டப்.

நாற்பது தலையும் நிமிர்ந்தன. மைக் செட்டின் கதை பாதி வாக்கியத்தில் நின்றது. அந்த டப் சின்ன டீச்சருக்கு இன்னொரு பென்சில் டப்பாவின் சத்தம். அவள் தன் எதிரே விழுந்த அமைதியைத்தான் பார்த்தாள். முகத்தில் ரத்தம் திரும்பியது. அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டுவதை அன்று அவள் நடத்தியபோது, குரலில் இதற்கு முன் இல்லாத ஒரு நிதானம் இருந்தது.

வகுப்பு முடிந்து ஆசிரியர் அறையின் மூலையில் இருவரும் உட்கார்ந்தார்கள். பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். டீச்சர் பார்த்ததை மட்டும்தான் சொன்னார்.

"நீங்க பேசறதை நிறுத்தினீங்க. நிமிர்ந்து நின்னீங்க. வகுப்பு அடங்குச்சு."

மூன்று வாக்கியம். மூன்றும் எடை போட்டால் சுத்தமான உண்மை. துணிக்கடையில் புடவையை மடித்து நல்ல பக்கத்தை மேலே வைப்பதில்லையா, கிழிசல் இருக்கிறது என்று யாரும் கேட்காதவரை யாரும் பொய் சொன்னதாக ஆகாது. அப்புறம் பயிற்சியில் சொன்னபடியே, ஏன் அடங்கியது என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டார்.

"இன்னைக்கு நான் நெஜமாவே நம்பி நின்னேன் டீச்சர். அது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றாள்.

டீச்சர் தேநீர்க் கோப்பையை எடுத்து வாயை அதற்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாளும் டப். அதற்கு மறுநாளும். முதலில் தாடை நடுங்கினால்தான் மூடினார். அப்புறம் சத்தம் கிளம்பினாலே மூடினார். அப்புறம் சின்ன டீச்சர் பேச்சை நிறுத்தி நிமிரும்போதே கை தானாகக் கூட்டுக்குப் போயிற்று. பிள்ளைகளுக்கு ஒரு குழப்பமும் இல்லை. முன்னால் ஒரு டீச்சர் பாடம் நடத்துகிறார், பின்னால் ஒரு டீச்சர் பார்த்துக்கொள்கிறார், அவ்வளவுதான். குழம்ப வேண்டியவள் ஒருத்திதான், அவளோ ஒவ்வொரு நாளும் நிமிர்ந்து நிமிர்ந்து நடந்தாள். தன் தோழிகளுக்குக்கூட இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தாளாம். அவர்களுக்குப் பலிக்கவில்லை என்றும், நம்பி நிற்கவேண்டும் என்று தான் விளக்கியதாகவும் டீச்சரிடமே வந்து சொன்னாள்.

நடுவில் ஒரு நாள் ஒட்டுச்சீட்டு எல்லோரையும் கூட்டி, எப்படிப் போகிறது என்று கேட்டார். மற்ற டீச்சர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் புலம்பினார்கள். கணக்கு டீச்சர் மட்டும் நன்றாகப் போகிறது என்றார். எப்படி என்றார் ஒட்டுச்சீட்டு. அவள் காத்திருக்கிறாள், வகுப்பு அடங்குகிறது என்றார் டீச்சர். ஒட்டுச்சீட்டுக்குப் பரம சந்தோஷம். சுவரில் மஞ்சள் சீட்டு ஏறியது. கடைசி நாள் விழாவில் இதைப் பற்றி டீச்சர் பத்து நிமிஷம் பேச வேண்டும் என்றும் முடிவாயிற்று.

வெளியே வரும்போது அறிவியல் சார் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார். "என்ன டீச்சர், அந்தப் பொண்ணு காத்திருந்துதான் அடங்குதா? உங்க கண்ணாடிக்கூட்டுச் சத்தத்துக்குப் பக்கத்து ரூம்ல என் கிளாஸே அடங்குமே," என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். போங்க சார் என்று டீச்சர் சிரித்து மழுப்பினார். படி இறங்கும்போது கைப்பையில் அந்தக் கூடு இருப்பது தனியாகத் தெரிந்தது, கல்லைப் போட்டு வைத்த மாதிரி.

டீச்சரின் வீட்டுக்காரர் ஜவுளிக் கடைக்காரர். இரவுச் சாப்பாட்டில் அன்றைய வியாபாரத்தைப் பரிமாறாமல் சோறு இறங்காது அவருக்கு. அன்று அவர் புதிதாகச் சேர்ந்த விற்பனையாளைப் பற்றிச் சொன்னார். ஒரு மாதமாகப் பிரமாதமாக விற்றானாம். சரி, தேறிவிட்டான் என்று நம்பி இவர் இரண்டு நாள் சரக்கெடுக்கப் போனாராம். வந்து பார்த்தால் ஒரு துண்டுகூடப் போகவில்லை. "நான் பின்னாடி உட்கார்ந்திருந்தப்போ அவன் வித்தது அவன் வாய் இல்ல, என் மூஞ்சி. நான்தான் பயல் தேறிட்டான்னு ஏமாந்தேன். அவன் பாவம், அவனும் ஏமாந்துட்டான்," என்றார்.

டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டார்.

நாளையிலிருந்து கூடாது என்று அன்று முடிவு செய்தார். மறுநாள் சத்தம் கிளம்பியது. சின்ன டீச்சர் பேச்சை நிறுத்தி நிமிர்ந்தாள். டீச்சர் கையைக் கட்டிக்கொண்டார். சத்தம் ஏறியது. சின்ன டீச்சர் பிள்ளைகளைப் பார்க்காமல், என்னவோ தொலைத்த மாதிரி தன் கைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார டீச்சரால் முடியவில்லை. ஏழும் எட்டும் பதினான்கு என்றபோது அசையாத சுவர் இதற்கு அசைந்துவிட்டது. டப்.

இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, கடைசி வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே தவணை கேட்டுக்கொண்டார். கடைசி வாரம் வந்தபோது, பரீட்சை நெருங்கும் நேரத்தில் அவள் தைரியத்தைக் கெடுப்பானேன் என்று தோன்றியது. இதற்குள் பிள்ளைகளுக்கே பழகியிருக்கும் என்றும் தோன்றியது. தோன்றியதையெல்லாம் நம்பினார். தனக்குத் தானே கடன் கொடுக்கும்போது யாரும் ஜாமீன் கேட்பதில்லை.

பரீட்சை நாள். கல்லூரி மேடம் வந்து கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். விதிப்படி அன்று கணக்கு டீச்சர் வகுப்புக்குள் இருக்கக்கூடாது. வெளி வராந்தாவில், ஜன்னலுக்குச் சற்றுத் தள்ளி, அறிவிப்புப் பலகையைப் படிப்பதுபோல நின்றார். தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்பதை முழுப் பாடமாகத் தெரிந்துகொண்டார்.

முதல் பத்து நிமிஷம் பிழைத்தது. புது மேடத்தைப் பார்த்த கூச்சம் பிள்ளைகளுக்கு. அப்புறம் கூச்சம் தெளிந்தது. பென்சில் டப்பா, மைக் செட், எல்லாம் வரிசையாகக் கிளம்பின. சின்ன டீச்சர் பேச்சை நிறுத்தினாள். நிமிர்ந்தாள். காத்திருந்தாள்.

பிள்ளைகள் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். கடைசி பெஞ்ச் காலி. அப்புறம் என்ன, திருவிழாதான். சின்ன டீச்சர் இன்னும் நின்றாள். வேறு யாராக இருந்தாலும் மேசையைத் தட்டியிருப்பார்கள், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள், கணக்கைப் போட ஒருத்தனை எழுப்பியிருப்பார்கள். அவளுக்கு அது எதுவும் தேவைப்பட்டதே இல்லை. நம்பி நின்றால் போதும். இப்போது போதவில்லை என்றால் நம்பிக்கை போதவில்லை. முகத்தில் ஒரு புன்சிரிப்போடு இன்னும் நம்பி நின்றாள். கல்லூரி மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

டீச்சரின் கை கைப்பைக்குள் போய்க் கூட்டைத் திறந்துவிட்டது. கதவு திறந்துதான் இருந்தது. வராந்தாவிலிருந்து மூடினாலும் கேட்கும். மைக் செட் ஜன்னல் வழியாக அவரைப் பார்த்துவிட்டாள். மூடுங்கள் என்று கேட்கிற மாதிரி கண்ணை விரித்தாள். டீச்சரின் விரல் மூடியின் மேல் இருந்தது. மூடினால் கதவோரம் இருக்கும் மேடம் திரும்பிப் பார்ப்பார். என்ன சத்தம் என்று கேட்பார்.

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி அறிவிப்பைப் படித்தார்.

மூடியதும் தனக்காகத்தான், மூடாததும் தனக்காகத்தான் என்பது டீச்சருக்கு வீட்டுக்குப் போகும் வழியில், சிக்னலில் நிற்கும்போது உறைத்தது. பச்சை விழுந்த பிறகும் நின்றுகொண்டிருந்தார். பின்னால் வண்டிக்காரர்கள் திட்டினார்கள்.

சின்ன டீச்சர் தேறவில்லை. அதைவிட மோசம், அவள் டீச்சரைத் தேடி வந்து மன்னிப்புக் கேட்டாள். "ஆறு வாரம் எவ்வளவு பொறுமையா கூட இருந்தீங்க. உங்க பேரையும் சேர்த்துக் கெடுத்துட்டேன் டீச்சர். வராத விஷயத்துல எறங்கிட்டேன்போல," என்றாள். இனி கல்லூரிக்குத் திரும்பப் போவதில்லை, அண்ணன் கடைக்கே போவதாக ஏற்பாடு என்றும் சொன்னாள். டீச்சர் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். பார்த்ததை மட்டும் சொல்லிப் பழகிய வாய்க்கு, பார்க்காததுபோல ஒன்று சொல்ல வரவில்லை. அவள் தோளைத் தட்டி அனுப்பிவைத்தார்.

மறுநாள் ஒட்டுச்சீட்டைப் போய்ப் பார்த்து எல்லாவற்றையும் கொட்டினார். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, டீச்சர் ரொம்ப மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார், இதெல்லாம் சகஜம் என்றார். விழாவில் பேசும்போது அந்தச் சத்தத்தை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைப் பேசலாமே என்றார். காரணத்தோடு எழுதிக்கொடுத்தால் கல்லூரி அவளுக்கு மறுவாய்ப்பு தருமா என்று டீச்சர் கேட்டார். தரும், ஆனால் அப்படி எழுதினால் சான்றிதழுக்கான பட்டியலில் டீச்சர் பெயரை வைப்பது தனக்குக் கஷ்டம் என்று அவர் சொன்னார். மிரட்டவில்லை. விலையைச் சொன்னார், அவ்வளவுதான். வியாபாரம் தெரிந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டவருக்கு அது புரிந்தது.

எழுதுவதற்கு முன்னால் அவளிடம் சொல்ல வேண்டும் என்று டீச்சருக்குத் தோன்றியது. அது நியாயம் என்றும் தோன்றியது. சொல்லிவிட்டால் மார்பில் ஏறி உட்கார்ந்திருப்பது இறங்கும் என்ற ஆசை அந்த நியாயத்துக்குப் பின்னால் நின்றதை அவர் அப்போது கவனிக்கவில்லை.

செல்போன் கடை நீளமாக, ஒரு ஆள் அகலத்தில் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் சின்ன டீச்சர் யாருடைய போனுக்கோ திரைக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். டீச்சர் உட்காரவில்லை. சார்ஜர் கேட்டு வந்த ஒருவர் போகும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார். மூன்றாம் நாளிலிருந்து தொடங்கி, வராந்தா வரை. எதையும் விடவில்லை.

அவள் வேலையை நிறுத்தவில்லை. ஒரு மூலையிலிருந்து கண்ணாடியை மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தாள். நடுவில் ஒரு காற்றுக் குமிழ் மாட்டிக்கொண்டது. அதை ஓரத்துக்குத் தள்ளப் பார்த்தாள், போகவில்லை.

"அப்ப ஒரு நாள்கூட இல்லையா?" என்றாள்.

டீச்சருக்குக் கேள்வி புரியவில்லை.

"நான் நின்னு வகுப்பு அடங்கினது. ஒரு நாள்கூட இல்லையா?"

"இல்லம்மா. எல்லாம் என் தப்பு. உன் தப்பு ஒண்ணும் இல்ல."

"தப்பு யாருதுன்னு கேக்கலையே நான்." குரல் உயரவில்லை. கடைக்காரப் பேச்சு, பொருள் இல்லை என்று சொல்லும் அதே குரல். "நேத்து வரைக்கும், அந்த முதல் ரெண்டு நாளை விட்டா, நான் ஒரே ஒரு நாள்தான் தோத்தேன். மிச்ச நாளெல்லாம் நல்லா பண்ணேன்னு வெச்சிருந்தேன். ராத்திரி அதை நெனச்சுத்தான் தூங்கினேன். இப்ப நீங்க வந்து அதையும் எடுத்துக்கிட்டீங்க. உங்களுக்குப் பாரம் எறங்கிடுச்சு இல்ல?"

இறங்கியது என்பது உண்மை. சொல்லி முடித்த நிமிஷம் தோள் லேசானது, அதை அவர் உடம்பே அறிந்தது. அது எங்கே போய் ஏறியது என்பது இப்போது கண்ணெதிரே தெரிந்தது.

சின்ன டீச்சர் ஒட்டிய கண்ணாடியை உரித்துத் தூக்கிப் போட்டுவிட்டு, புதிதாக ஒன்றைப் பிரித்தாள். கல்லாவிலிருந்து அண்ணன் எட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை, பழைய கஸ்டமர் என்று சொன்னாள்.

டீச்சர் அன்றே எழுதிக்கொடுத்தார். கல்லூரி மேடத்துக்கு ஒரு பக்கம், எங்கும் சப்பைக்கட்டு இல்லாமல். விழாவுக்கு அவரைக் கூப்பிடவில்லை. ஆசிரியர் அறையில் மாட்டிய பயிற்சிப் புகைப்படத்தில் மட்டும் அவர் இருந்தார். அதைப் பார்த்து அறிவியல் சார் ஒரு ஜோக் சொல்ல வந்து, அவர் முகத்தைப் பார்த்து, விழுங்கிக்கொண்டார்.

மறுவாய்ப்பு கிடைத்தது. பத்து நாள் தனியாக வகுப்பெடுத்துவிட்டு, மறுபடி மேடம் முன்னால் ஒரு பாடம். வருவாளா மாட்டாளா என்று டீச்சருக்குத் தெரியவில்லை. கூப்பிடத் துணிவில்லை. திங்கள்கிழமை காலை அவள் வந்தாள். கையில் பின்னப் பட்டைகளாக வெட்டிய அட்டைகள் இருந்தன. டீச்சர் எழுந்து நின்றார். அவள் வணக்கம் சொன்னாள். "உங்களுக்காக வரல டீச்சர். எனக்கு வருமா வராதான்னு எனக்கே தெரியாது, அதான்," என்றாள். பெஞ்சில் உட்கார வேண்டாம், பக்கத்து அறையில்கூட வேண்டாம், முடிந்தால் மாடியில் இருங்கள் என்றாள்.

மாடி அறையிலும் கேட்டது. முதலில் பென்சில் டப்பா. அப்புறம் நாற்பது வாய். நடுவில் சின்ன டீச்சரின் குரல், உடைந்து, ஏறி, கத்தியது. அறிவியல் சார் இருப்புக்கொள்ளாமல் எழுந்தார், போய் ஒரு அதட்டல் போட்டுவிட்டு வரவா என்று கேட்டார். உட்காருங்க சார் என்றார் டீச்சர். அதைச் சொன்ன குரலைக் கேட்டு அவர் உடனே உட்கார்ந்தார். அதற்கப்புறம் டீச்சர் ஒவ்வொரு சத்தத்தையும் எழுந்து போகாமல் கேட்டார். அந்த ஆறு வாரமும் இப்படித்தான் கேட்டிருக்க வேண்டும். ஒரு கட்டத்தில் சத்தம் கொஞ்சம் தாழ்ந்த மாதிரி இருந்தது. ஒரு பெண் குரல் எதையோ சத்தமாக வாசித்தது, மைக் செட்டாக இருக்கலாம். மறுபடி ஏறியது.

மணி அடித்தது. சின்ன டீச்சர் மாடியேறி வந்தாள். முழங்கை வரை சாக்பீஸ் தூள். தண்ணீர்ப் பாட்டிலை முழுக்கக் குடித்துவிட்டு, டீச்சருக்கு எதிரே இல்லாமல் பக்கவாட்டில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். குரல் கட்டியிருந்தது.

"நாப்பது நிமிஷத்துல பத்து நிமிஷம் கேட்டாங்க. சும்மா நின்னா கேக்கல, மைக் செட்டை எழுப்பி போர்டுல போட வெச்சப்புறம்தான் கேட்டாங்க. அவ தப்பாத்தான் போட்டா. அதைத் திருத்தறேன்னு நாலு பேர் எழுந்தாங்க. நாலு பேருக்குப் புரிஞ்சிருக்கு. அந்தப் பத்து நிமிஷம் என்னுது."

"மிச்ச முப்பதை என் கணக்குல எழுதிக்கோம்மா," என்றார் டீச்சர்.

"வேண்டாம். அந்த முப்பதும் என்னுதுதான், நான்தான் கோட்டை விட்டேன்." அவள் எழுந்து அட்டைகளை அடுக்கினாள். "உங்க கணக்குல பாக்கி நிக்கறது அந்த ஆறு வாரம், முதல் ரெண்டு நாள் நீங்கலா. அதுல இன்னும் ஒண்ணும் வரவாகல."